என்ஜின் மாற்றிய வண்டியில் பெட்ரோல் கசிவு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கார்புரேட்டர் வண்டியில் எம்.பி.எஃப்.ஐ. (ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனி இன்ஜெக்டர் பெட்ரோலைத் தூவும்) என்ஜினை ஏற்றுவது நம் ஊர்ப் பட்டறைகளுக்குப் புதிய வேலையல்ல. 970 சிசி என்ஜினோடு வந்த பழைய மாருதி ஜிப்ஸியில் எஸ்டீம் காரின் 1.3 லிட்டர் என்ஜினைப் பொருத்துவதுதான் அவற்றில் பலருக்கும் பழக்கமானது. என்ஜின் உட்கார்ந்துவிடுகிறது, வயரிங்கும் முடிந்துவிடுகிறது, வண்டியும் நன்றாக ஓடுகிறது. சில வாரங்களில் பெட்ரோல் வாசனை வரத் தொடங்குகிறது. கீழே உள்ள பதில்கள் அந்த ஜிப்ஸியை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. 800, ஆம்னி, அம்பாசடர் வைத்திருப்பவர்களும் பெரும்பாலானவற்றை அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

வாசனை மட்டும் வருகிறது, எங்கும் சொட்டவில்லை. பட்டறை வரை ஓட்டிப் போகலாமா?

கூடாது. மெக்கானிக்கை வீட்டுக்கு வரச் சொல்லுங்கள், அல்லது வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு போங்கள்.

சொட்டு விழவில்லை என்பது ஆறுதல் தரும் செய்தியல்ல. சூடான என்ஜின்மேல் விழும் பெட்ரோல் தரைக்கு வருவதற்கு முன்பே ஆவியாகிவிடும். தீப்பிடிப்பது திரவமல்ல, அந்த ஆவிதான். காற்றில் ஏறத்தாழ 1.4 சதவீதம் பெட்ரோல் ஆவி கலந்தாலே அது பற்றிக்கொள்ளும் நிலைக்கு வந்துவிடும். அந்த ஆவி காற்றைவிடக் கனமானது. மேலே போய்க் கலைந்துவிடாமல் தரையோடு தவழ்ந்து, பள்ளமான இடத்தில் தேங்கும். கசியும் வண்டியைக் கதவடைத்த ஷெட்டில் நிறுத்தாதீர்கள் என்று சொல்வது இதனால்தான். ஷெட்டுக்குப் பக்கத்தில் இன்வர்ட்டரோ, மோட்டார் சுவிட்சோ, மாடத்தில் ஏற்றும் விளக்கோ இருந்தால் இன்னும் கவனம் தேவை. வண்டியைத் திறந்த வெளியில் தள்ளி நிறுத்தி, பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றி வையுங்கள்.

பழைய என்ஜினோடு பல வருடம் ஒழுகாத அதே பைப், என்ஜின் மாற்றியதும் ஏன் ஒழுகுகிறது?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

கார்புரேட்டர் என்ஜினில் பெட்ரோலைத் தள்ளுவது என்ஜினோடு ஒட்டியிருக்கும் சிறிய டயாஃப்ரம் பம்பு. அது கொடுக்கும் அழுத்தம் 0.2 முதல் 0.3 பார் வரைதான் இருக்கும் (ஒரு பார் என்பது ஏறத்தாழ நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம்). கார்புரேட்டரின் மிதவை அறையை நிரப்ப அதற்குமேல் தேவையில்லை. எம்.பி.எஃப்.ஐ. என்ஜினில் இன்ஜெக்டர் பெட்ரோலைப் பனிபோலத் தூவ வேண்டும். அதற்காக டேங்கில் உள்ள மின்சாரப் பம்பு சுமார் 3 பார் அழுத்தத்தில் தள்ளுகிறது. அதாவது பத்து மடங்கு. பழைய ரப்பர் ஹோஸ், பழைய கிளிப், நடுவில் உள்ள பிளாஸ்டிக் ஃபில்டர், முனையில் மேடு இல்லாத வழவழப்பான இரும்புப் பைப் எல்லாமே அந்தச் சிறிய அழுத்தத்துக்காகச் செய்யப்பட்டவை. அவை கெட்டுப்போகவில்லை, அவற்றின் தகுதிக்கு மீறிய வேலை அவற்றின் தலையில் விழுந்திருக்கிறது.

ஆகவே, “ஒழுகும் இடத்தை மட்டும் அடைத்துக் கொடுங்கள்” என்று கேட்பது பயன் தராது. இன்று ஒழுகும் இணைப்பைச் சரிசெய்தால், அடுத்த மாதம் அதற்கு அடுத்த இணைப்பு ஒழுகும். டேங்கிலிருந்து, இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோலைப் பகிர்ந்து கொடுக்கும் குழாயான இன்ஜெக்டர் ரெயில் வரை முழு வழியும் புதிய அழுத்தத்துக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். என்ஜின் மாற்றும் செலவில் இதற்கான பங்கு மிகச் சிறியது. ஆனாலும் விலை பேசும்போது முதலில் வெட்டப்படுவது இதுதான். இது எனக்கு என்றுமே விளங்கியதில்லை.

இன்னொரு காரணமும் உண்டு. என்ஜின் ரப்பர் மவுண்டிங்கின் மேல் உட்கார்ந்திருக்கிறது. ஆக்சிலேட்டரை மிதிக்கும்போதெல்லாம் பக்கவாட்டில் சாய்ந்து திரும்பும். சேஸில் வரும் பைப்போ அசையாது. இரண்டுக்கும் நடுவில் வளைந்து கொடுக்கும் ஹோஸ் போதிய தளர்வோடு இருக்க வேண்டும். புதிய என்ஜினில் ரெயில் இருக்கும் பக்கமும் தூரமும் மாறியிருக்கும். பழைய ஹோஸை இழுத்து மாட்டியிருந்தால் ஒவ்வொரு கியர் மாற்றத்திலும் அது இணைப்பிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் பிடுங்கப்படும்.

கசிவு எங்கே என்று கண்டுபிடிப்பது எப்படி?

என்ஜின் நன்றாக ஆறியிருக்க வேண்டும். பட்டறைகளில் பல்பு எரியும் கைவிளக்கைத் தொங்கவிட்டுப் பார்ப்பார்கள், அது வேண்டாம். பல்பு உடைந்தால் உள்ளே இருப்பது பழுக்கச் சிவந்த கம்பி. எல்.இ.டி. டார்ச் போதும்.

முதலில் எல்லா இணைப்புகளையும் துணியால் துடைத்துக் காய விடுங்கள். பழைய அழுக்கு ஈரத்தை உறிஞ்சிப் பரப்பிவிடுவதால், கசிவு ஓரிடத்திலும் கறை வேறிடத்திலும் தெரியும். பிறகு என்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை ஆன் செய்யுங்கள். பம்பு இரண்டு மூன்று நொடி ஓடி நிற்கும் சத்தம் கேட்கும். இதை நான்கைந்து முறை செய்தால் வழி முழுவதும் அழுத்தம் ஏறிவிடும். இப்போது ஒருவர் டேங்கிலிருந்து தொடங்கி முன்னோக்கிப் பார்த்துக்கொண்டே வர வேண்டும். ஒவ்வொரு இணைப்பின் கீழ்ப்பக்கத்தையும் வெள்ளைக் காகிதத்தால் ஒற்றிப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத ஈரம் காகிதத்தில் தெரியும்.

ஜிப்ஸி வகை வண்டியில் பார்க்க வேண்டிய இடங்களை, அடிக்கடி ஒழுகும் வரிசையில் சொல்கிறேன். முதலில் என்ஜின் பக்கம் பைப்பும் ஹோஸும் சேரும் இடம். அடுத்து ஃபில்டரின் இரண்டு முனைகள். அதன் பிறகு ரெயிலில் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர், இன்ஜெக்டரின் ரப்பர் வளையங்களான ஓ-ரிங்குகள். கடைசியாக டேங்கின் மேல் மூடி. சேஸ் ஓரமாக ஓடும் இரும்புப் பைப்பைக் கிளாம்ப் பிடித்திருக்கும் இடங்களையும் விட்டுவிடாதீர்கள். கிளாம்புக்கு அடியில் சேறு தங்கி, பைப் உள்ளிருந்து அல்ல, வெளியிலிருந்து அரித்திருக்கும். கடலோர ஊர் வண்டிகளில் இது சர்வசாதாரணம்.

நிற்கும்போது ஒழுகாமல் ஓடும்போது மட்டும் வாசனை வந்தால், ஒருவர் பிரேக்கை அழுத்திப் பிடித்து, கியரில் போட்டு, கிளட்சை லேசாக விட்டு என்ஜினைச் சாயவைக்கட்டும். இன்னொருவர் வண்டியின் பக்கவாட்டில் நின்று ஹோஸைக் கவனிக்கட்டும். வண்டிக்கு முன்னால் யாரும் நிற்கக் கூடாது. தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும்.

ஹோஸைக் கழற்றும் முன் அழுத்தத்தை எப்படி இறக்குவது?

கார்புரேட்டர் வண்டியில் பழகிய கை நேராகக் கிளிப்பைத் தளர்த்தப் போகும். எம்.பி.எஃப்.ஐ. வண்டியில் என்ஜினை நிறுத்திய பிறகும் வழியில் அழுத்தம் நிற்கும். கழற்றினால் முகத்தில் பீய்ச்சும்.

பம்பின் ஃபியூஸையோ ரிலேயையோ உருவிவிட்டு என்ஜினை ஸ்டார்ட் செய்யுங்கள். மிச்சமுள்ள பெட்ரோல் தீர்ந்ததும் தானே நின்றுவிடும். மேலும் இரண்டு முறை ஸ்டார்ட்டரைச் சில நொடிகள் சுற்றுங்கள். பிறகு பேட்டரி நெகட்டிவைக் கழற்றி, டேங்க் மூடியைத் திறந்து அங்குள்ள அழுத்தத்தையும் விட்டுவிடுங்கள். இவ்வளவுக்குப் பிறகும் இணைப்பைத் துணியால் சுற்றிப் பிடித்துக்கொண்டுதான் கழற்ற வேண்டும். கண்ணாடி அணிவது கட்டாயம்.

என்ஜின் மாற்றிய வண்டியில் இன்னொரு சங்கடம்: பம்பின் ஃபியூஸ் எங்கே என்பது வயரிங் செய்தவருக்கு மட்டுமே தெரியும். வண்டியை எடுக்கும் அன்றே கேட்டு, அதன் அருகில் ஒரு சீட்டு ஒட்டி வையுங்கள்.

கடையில் எந்த ஹோஸைக் கேட்டு வாங்க வேண்டும்?

“பெட்ரோல் டியூப்” என்று கேட்டால் கடைக்காரர் எடுத்துக் கொடுப்பது பெரும்பாலும் கார்புரேட்டர் வண்டிக்கான ஹோஸாகவே இருக்கும். தவறு அவருடையதல்ல, கேள்வி அப்படி. ஹோஸின் மேல் அச்சிட்டிருக்கும் எழுத்தைப் படியுங்கள். எஸ்.ஏ.இ. (வாகனப் பொறியாளர் சங்கம்) தர எண்ணாக ஜே30 ஆர்6, ஆர்7 என்று இருந்தால் அது குறைந்த அழுத்தத்துக்கானது. நமக்கு வேண்டியது ஜே30 ஆர்9. நம் வண்டிகளுக்கான சிறிய அளவுகளில் ஆர்7 ஹோஸின் வேலை அழுத்தம் 50 பி.எஸ்.ஐ., அதாவது சுமார் 3.4 பார். ஆர்9 ஹோஸுக்கு அது 100 பி.எஸ்.ஐ., ஏறத்தாழ 7 பார். கணக்குப்படி ஆர்7 கூட 3 பாரைத் தாங்கிவிடுமே என்று சிலர் வாதிடுவார்கள். புதிதாக இருக்கும்போது தாங்கும். என்ஜின் சூட்டில் ஒரு கோடை கழிந்த பிறகு அந்தக் கணக்கு செல்லாது. ஆர்9 ஹோஸின் உட்சுவரில் ஃப்ளூரோ ரப்பர் பூச்சு இருக்கும். ஆர்7இல் அது கிடையாது. எத்தனால் கலந்த பெட்ரோலைத் தாங்குவது அந்தப் பூச்சுதான்.

டேங்கின் உள்ளே, பெட்ரோலில் மூழ்கிக் கிடக்கும் சின்னத் துண்டுக்கு ஆர்9 உதவாது. அதன் உட்புறம் பெட்ரோலைத் தாங்கும், வெளித்தோல் தாங்காது; சில மாதங்களில் ஊறிக் கூழாகிவிடும். மூழ்கும் இடத்துக்கு ஆர்10 என்று தனி ஹோஸ் உண்டு. பம்பை டேங்கினுள் இறக்கும் வேலையில் அடிக்கடி நடக்கும் கோளாறு இது. வெளியே எந்தக் கசிவும் தெரியாது. உள்ளே ஹோஸ் பிளந்து, தள்ளிய பெட்ரோல் டேங்கிலேயே திரும்ப விழும். வண்டி மேட்டில் இழுக்காது.

அளவிலும் கவனம் வேண்டும். 8 மில்லிமீட்டர் பைப்புக்கு 8 மில்லிமீட்டர் உள்விட்டம் உள்ள ஹோஸ்தான். 10 மில்லிமீட்டர் ஹோஸை மாட்டிக் கிளிப்பால் நெரித்தால் ஹோஸ் ஒரு பக்கம் மடிந்து, அந்த மடிப்பு வழியாகவே ஒழுகும். தண்ணீர் ஹோஸ், கம்ப்ரசர் காற்று ஹோஸ், கேஸ் அடுப்பு டியூப் ஆகிய மூன்றையும் வண்டிகளில் கண்டவர்கள் உண்டு. மூன்றுமே பெட்ரோலில் கரையும் அல்லது வீங்கும்.

புதுப்பேட்டையிலோ உக்கடத்திலோ பழைய சாமான் கடையில் என்ஜினை வாங்கலாம், கியர்பாக்ஸை வாங்கலாம். பெட்ரோல் ஹோஸை மட்டும் அங்கே வாங்காதீர்கள்.

ஃபில்டரை மாற்ற வேண்டுமா? பழையது புதிதாகத்தான் இருக்கிறது.

உள்ளே பெட்ரோல் தெரியும் பிளாஸ்டிக் ஃபில்டர் என்றால், அது எவ்வளவு புதிதாக இருந்தாலும் கழற்றி எறியுங்கள். அது கார்புரேட்டருக்கானது. 3 பாரில் அதன் ஒட்டு பிளந்தால் சொட்டாது, கொட்டும். எஸ்டீம் எம்.பி.எஃப்.ஐ.க்கான இரும்பு உறை ஃபில்டரை வாங்கி, அம்புக்குறி என்ஜினைப் பார்க்கும்படி மாட்டுங்கள்.

கிளிப்பை இன்னும் கொஞ்சம் இறுக்கினால் நிற்காதா?

இரண்டு நாள் நிற்கலாம். நீளவாக்கில் பள்ளம் வெட்டிய சாதாரணத் திருகுக் கிளிப்பை இறுக்க இறுக்க, அந்தப் பள்ளத்தின் விளிம்புகள் ரப்பரை வெட்டிக்கொண்டே போகும். இன்ஜெக்ஷன் வழிக்கென்று உட்பக்கம் வழவழப்பாகவும் ஓரம் மடிக்கப்பட்டும் வரும் கிளிப் தனியாகக் கிடைக்கிறது. முழு வட்டமும் ஒரே மாதிரி அழுந்தும், வெட்டாது. விலை வித்தியாசம் ஒரு டீ செலவுக்கு மேல் போகாது.

பைப்பின் முனையையும் பாருங்கள். ஹோஸ் வழுக்கி வெளியேறாதபடி முனைக்குச் சற்று உள்ளே ஒரு மேடு இருக்க வேண்டும். நீளத்தைக் குறைக்கப் பைப்பை அறுத்திருந்தால் அந்த மேடு போய்விட்டிருக்கும். மேடில்லாத பைப்பில் எத்தனை கிளிப் போட்டாலும் ஒரு நாள் ஹோஸ் கழன்று விழும். பைப் முனையை விரிக்கும் ஃப்ளேரிங் கருவி வைத்திருக்கும் பட்டறையில் மேடு போட்டுக் கொடுப்பார்கள். ஹோஸ் ஏறத்தாழ 25 மில்லிமீட்டராவது பைப்பின் மேல் ஏறியிருக்க வேண்டும்; கிளிப் மேட்டுக்குப் பின்னால் உட்கார வேண்டும், மேட்டின் மேலேயே அல்ல.

டெஃப்லான் டேப், எம்-சீல், சோப்பு?

டேங்கில் கல்பட்டு ஓட்டை விழுந்தால் குளிக்கும் சோப்பை அழுத்தித் தேய்த்து ஊர் வந்து சேர்வது லாரி ஓட்டுநர்களின் பழைய உபாயம். அங்கே அழுத்தம் கிடையாது, அதனால் ஓரளவு பலிக்கும். 3 பார் உள்ள வழியில் சோப்பும் நிற்காது, எம்-சீலும் நிற்காது.

டெஃப்லான் டேப் இன்னும் மோசம். ஃப்ளேர் இணைப்பில் அடைப்பது மரையல்ல; கூம்பு வடிவில் ஒன்றோடொன்று அழுந்தும் உலோக முகங்கள். மரையில் டேப் சுற்றினால் எந்தப் பயனும் இல்லை. கிழிந்த துணுக்கு உள்ளே போனால் இன்ஜெக்டர் அடைத்துக்கொள்ளும்.

இரும்புப் பைப்பையே மாற்றச் சொல்கிறார்கள். அவசியமா?

பைப் உறுதியாக இருந்தால் அவசியமில்லை. இரும்புப் பைப் 3 பாருக்கு அஞ்சாது. துருவை விரல் நகத்தால் சுரண்டிப் பாருங்கள். பொடியாக உதிர்ந்து அடியில் வழவழப்பான உலோகம் தெரிந்தால் சுத்தம் செய்து பெயின்ட் அடித்து வைத்துக்கொள்ளலாம். செதில் செதிலாகப் பெயர்ந்தால் மாற்றிவிடுங்கள்.

செம்புப் பைப் வளைக்க எளிது என்று சிலர் அதைப் போட்டுவிடுவார்கள். அதிர்வில் செம்பு நாளடைவில் இறுகி விரிசல் விடும். அதனால் இரும்பையோ, கார்களுக்கென்று வரும் செம்பு-நிக்கல் பைப்பையோதான் பரிந்துரைப்பேன். ஃப்ளேர் போடும்போது கோணம் பொருந்த வேண்டும். கார் பைப்புகளில் வழக்கமாக வருவது 45 பாகை. ஹைட்ராலிக் கடையிலும் ரேஸ் வண்டிக் கடையிலும் கிடைக்கும் ஃபிட்டிங் 37 பாகை. இரண்டும் ஒன்றின் மேல் ஒன்று ஏறிவிடும், மரையும் ஒத்துப்போவதுபோலத் தோன்றும். ஆனால் வட்டத்தில் ஒரு கோடு மட்டுமே தொடும். எவ்வளவு இறுக்கினாலும் ஈரம் நிற்காது.

புதிய பைப்பைச் சைலன்சர் பக்கம் கொண்டுபோகாதீர்கள். வேறு வழியே இல்லையென்றால் இரண்டுக்கும் நடுவில் தகட்டால் மறைப்பு போடுங்கள்.

பேன்ஜோ போல்ட்டில் மட்டும் ஈரம். போல்ட்டை மாற்றவா?

போல்ட்டை அல்ல, வாஷரை. பெட்ரோல் நடுவே செல்லும்படி துளையிட்ட ஒவ்வொரு பேன்ஜோ போல்ட்டிலும் மேலொன்று கீழொன்று என இரண்டு செம்பு அல்லது அலுமினிய வாஷர்கள் இருக்கும். நசுங்கித்தான் அவை அடைப்பு கொடுக்கின்றன. ஒருமுறை நசுங்கியது மறுமுறை நசுங்காது. கழற்றும்போதெல்லாம் புதிதாக மாற்ற வேண்டும்.

இன்ஜெக்டரின் அடியில் ஈரம் தெரிகிறது.

ஓ-ரிங். மேலே ரெயிலில் ஏறும் ஓ-ரிங் கிழிந்தால் பெட்ரோல் வெளியே வரும். கீழே, என்ஜினுக்குக் காற்று போகும் குழாயான மேனிஃபோல்டில் உட்காருவது கிழிந்தால் பெட்ரோல் வராது. காற்று உள்ளே இழுக்கப்பட்டு ஐடிலிங் ஏறி இறங்கும். பழைய சாமான் கடையில் என்ஜின் எத்தனை நாள் வெயிலில் கிடந்ததோ தெரியாது, ஆகவே என்ஜினை ஏற்றும்போதே எல்லா ஓ-ரிங்குகளையும் மாற்றிவிடுவது நல்லது. இன்ஜெக்டருக்கென்று வரும் ஃப்ளூரோ ரப்பர் ஓ-ரிங்கை வாங்குங்கள். கலவைப் பெட்டியில் கிடக்கும் ஏதோ ஒரு கறுப்பு வளையம் வேண்டாம்.

மாட்டும்போது ஓ-ரிங்கின் மேல் சுத்தமான என்ஜின் ஆயிலைத் தொட்டு வையுங்கள். கிரீஸ் வேண்டாம். ரெயிலைக் கையால் நேராக அழுத்தி, இன்ஜெக்டர்கள் எல்லாம் விரலால் சுழற்றினால் சுழல்கின்றனவா என்று பார்த்த பிறகே போல்ட்டுகளை மாற்றி மாற்றிச் சமமாக இறுக்குங்கள். சுழலாத இன்ஜெக்டரில் ஓ-ரிங் மடிந்திருக்கிறது.

அதிகாலையில் மட்டும் ஒழுகுகிறது. என்ஜின் சூடானதும் நின்றுவிடுகிறது. இது எப்படி?

ஊட்டி, கொடைக்கானல் வண்டிக்காரர்கள் இதை நன்கு அறிவார்கள். குளிரில் ரப்பர் சுருங்கி விறைக்கும். வயதான ஹோஸோ ஓ-ரிங்கோ அந்தச் சில நிமிடம் பைப்பைச் சரியாகக் கவ்வாது. சூடானதும் விரிந்து அடைத்துக்கொள்ளும். மெக்கானிக் பத்து மணிக்கு வந்து பார்க்கும்போது எல்லாம் உலர்ந்திருக்கும். “ஒன்றுமில்லை” என்று சொல்லிவிட்டுப் போவார். வண்டியை முந்தைய இரவே பட்டறையில் விட்டு, காலையில் முதல் ஸ்டார்ட்டை அவர் கண்ணெதிரே செய்யச் சொல்லுங்கள். கிளிப்பை இறுக்கினால் மறையும், மறுபடி வரும். ஹோஸின் காலம் முடிந்துவிட்டது.

டேங்க் நிரப்பிய அன்று மட்டும் வாசனை வருகிறது.

அப்படியென்றால் கசிவு டேங்கின் மேற்பகுதியில். பம்பு மாட்டிய மூடியின் கேஸ்கெட், பெட்ரோல் ஊற்றும் கழுத்தின் ரப்பர், காற்று வாங்கும் சின்ன ஹோஸ் ஆகிய மூன்றில் ஒன்று. டேங்கில் பாதி குறைந்ததும் வாசனை தானாக நின்றுவிடுவதால் பலர் இதைப் பொருட்படுத்துவதில்லை. வளைவுகளில் பெட்ரோல் அலைமோதும்போது அதே இடம் மீண்டும் நனையும். கேஸ்கெட்டைப் புதிதாகப் போடுங்கள். சாதாரண சிலிக்கான் பேஸ்ட் பெட்ரோலைத் தாங்காது.

டேங்கில் பம்புக்காக வாய் வெட்ட வேண்டியிருந்தாலோ ஓட்டையை வெல்டிங் வைக்க வேண்டியிருந்தாலோ டேங்கைக் கழற்றி, அந்த வேலை தெரிந்தவரிடம் மட்டும் கொடுங்கள். காலியான டேங்க் நிறைந்த டேங்கைவிட ஆபத்தானது. உள்ளே ஆவியும் காற்றும் கலந்து நிற்கும். வெல்டிங் பொறி பட்டால் வெடிக்கும். டேங்க் காலியாகத்தானே இருக்கிறது என்ற பேச்சோடு தொடங்கிய விபத்துகள் ஏராளம்.

வெளியே எங்கும் கசிவில்லை. ஆனால் பெட்ரோல் குடிக்கிறது, கறுப்புப் புகை வருகிறது.

உள்கசிவாக இருக்கலாம். ரெயில் முனையில் உள்ள ரெகுலேட்டரிலிருந்து மேனிஃபோல்டுக்கு ஒரு மெல்லிய வாக்குவம் ஹோஸ் போகும். அதை உருவிப் பாருங்கள். அதில் ஈரமோ பெட்ரோல் வாசனையோ இருந்தால் உள்ளே டயாஃப்ரம் கிழிந்திருக்கிறது. பெட்ரோல் அந்த வழியாக நேரே என்ஜினுக்குள் போய்க்கொண்டிருக்கிறது. ரெகுலேட்டரை மாற்றுவதைத் தவிர வேறு வழியில்லை.

டிப்ஸ்டிக்கையும் உருவி முகர்ந்து பாருங்கள். ஆயிலில் பெட்ரோல் வாசனை அடித்து, அளவும் ஏறியிருந்தால் ஏதோ ஓர் இன்ஜெக்டர் மூடாமல் வழிகிறது. அதைச் சரிசெய்து ஆயிலை மாற்றும் வரை வண்டியை எடுக்காதீர்கள். பெட்ரோல் கலந்த ஆயில் பேரிங்கைக் காப்பாற்றாது.

ரிட்டர்ன் பைப் வேண்டுமா? பழைய வண்டியில் இருப்பது மெல்லியதாக இருக்கிறது.

ரெகுலேட்டர் ரெயிலில் இருக்கும் என்ஜினுக்குக் கட்டாயம் வேண்டும். என்ஜின் பயன்படுத்தாத பெட்ரோலெல்லாம் அந்த வழியாகத்தான் டேங்குக்குத் திரும்புகிறது. அந்த வழி மடிந்தாலோ அடைத்தாலோ மொத்த வழியிலும் அழுத்தம் எகிறி, நல்ல இணைப்புகளும் ஒழுகத் தொடங்கும். காரணம் தெரியாமல் பல இடங்களில் ஒரே நேரத்தில் கசிந்தால் முதலில் ரிட்டர்னைச் சந்தேகியுங்கள்.

பம்பை இக்னிஷனில் நேரடியாகக் கொடுத்திருக்கிறார்கள். பரவாயில்லையா?

பரவாயில்லை என்று சொல்ல மனம் வரவில்லை. கம்பெனி வயரிங்கில் என்ஜின் சுழலவில்லை என்று தெரிந்ததும் என்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈ.சி.யூ. பம்பை நிறுத்திவிடும். நேரடியாகக் கொடுத்தால் சாவி ஆனில் இருக்கும்வரை பம்பு ஓடும். விபத்தில் ஹோஸ் அறுந்து என்ஜினும் நின்றுவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். பம்பு மட்டும் விடாமல் சூடான எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டின் மேல் பெட்ரோலை இறைத்துக்கொண்டிருக்கும். ஈ.சி.யூ. வழியாக ரிலே வைத்துக் கொடுக்கச் சொல்லுங்கள். மோதலில் தானே துண்டிக்கும் இனர்ஷியா சுவிட்ச் ஒன்றும் சேர்த்தால் நிம்மதி.

டீசல் என்ஜின் மாற்றியிருக்கிறேன். இதெல்லாம் பொருந்துமா?

பாதி பொருந்தும். பழைய டீசல் என்ஜின்களில் பம்பு டேங்கிலிருந்து உறிஞ்சுகிறது, ஆகவே இணைப்பு சரியில்லையென்றால் டீசல் வெளியே வராது, காற்று உள்ளே போகும். தரை உலர்ந்திருக்கும், ஆனால் காலையில் ஸ்டார்ட் ஆகாது. ஃபில்டருக்கு முன் சிறிது நேரம் கண்ணாடிபோன்ற ஹோஸ் ஒன்றை மாட்டினால் குமிழிகள் ஓடுவது தெரியும்.

புதிய வகை காமன் ரெயில் டீசல் என்ஜின் என்றால் உயர் அழுத்தப் பக்கத்தைத் தொடவே வேண்டாம். அங்கே ஆயிரம் பாருக்கு மேல் அழுத்தம். கண்ணுக்குத் தெரியாத பீய்ச்சல் தோலைத் துளைத்துச் சதைக்குள் போகும். கசிவைக் கையால் தடவிப் பார்க்காதீர்கள். அட்டையை நீட்டிப் பார்ப்பார்கள் அனுபவசாலிகள். அப்படிக் காயம் பட்டால், சின்னப் புள்ளியாகத் தெரிந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

இ20 பெட்ரோலால்தான் ஹோஸ் கெடுகிறதா?

அதற்கும் பங்குண்டு, முழுப் பழியும் அதன் மேல் அல்ல. 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் 2023இல் சில பங்க்குகளில் தொடங்கி இப்போது நாடெங்கும் வந்துவிட்டது. பழைய வண்டிகளின் ரப்பர் இதை எதிர்பார்த்துச் செய்யப்பட்டதல்ல. வீங்கி, பிறகு காய்ந்து வெடிக்கும். மாதக்கணக்கில் நிற்கும் வண்டியில் எத்தனால் ஈரத்தை இழுத்து இரும்புப் பைப்பின் உட்புறத்தை அரிக்கவும் செய்யும். ஆர்9 ஹோஸ் போட்டுவிட்டால் ரப்பரைப் பற்றிய கவலை பெரும்பாலும் தீரும்.

வேலை முடிந்ததா என்று எப்படி உறுதி செய்வது?

அழுத்த அளவுமானி வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். கண்ணால் பார்த்து “எல்லாம் சரி” என்பது போதாது. இந்த வகை சுசுகி என்ஜின்களில் பம்பு மட்டும் ஓடி, என்ஜின் ஓடாமல் இருக்கும்போது 2.7 முதல் 3.1 பார் வரை காட்ட வேண்டும். ஐடிலிங்கில் 2.1 முதல் 2.6 வரை இறங்கும். என்ஜினை நிறுத்தி ஒரு நிமிடம் ஆன பிறகும் 2 பாருக்கு மேல் நிற்க வேண்டும். சரசரவென்று இறங்கினால், வெளியே ஈரம் இல்லாவிட்டாலும் வேலை முடியவில்லை. ரிட்டர்ன் ஹோஸை மெதுவாக அழுத்திப் பிடித்ததும் முள் நின்றால் குறை ரெகுலேட்டரில். டேங்கிலிருந்து வரும் ஹோஸைப் பிடித்ததும் நின்றால் பம்பின் உள்ளே உள்ள தடுப்பு வால்வில். இரண்டுக்கும் நிற்காவிட்டால் இன்ஜெக்டர். ரப்பர் ஹோஸை மட்டுமே இப்படிப் பிடிக்கலாம், பிளாஸ்டிக் பைப் உடைந்துவிடும்.

அதன் பிறகு அரை மணி நேரம் ஓட்டி, சூட்டோடு ஒருமுறையும், மறுநாள் காலை ஆறிய நிலையில் ஒருமுறையும் எல்லா இணைப்புகளையும் காகிதத்தால் ஒற்றிப் பாருங்கள். முதல் ஐந்நூறு கிலோமீட்டருக்குப் பிறகு மீண்டும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

பானட்டுக்குள் தீப்பிடித்துவிட்டால்?

சாவியை அணைத்து எல்லோரும் இறங்க வேண்டும். பானட்டை முழுதாகத் திறக்கக் கூடாது. காற்று புகுந்து தீ எழும்பும். கொக்கியை மட்டும் விடுவித்து, அந்த இடுக்கு வழியாக உலர்தூள் தீயணைப்பானை அடியுங்கள். தண்ணீர் ஊற்றினால் எரியும் பெட்ரோல் அதன் மேல் மிதந்து பரவும். ஒரு தீயணைப்பானில் அடங்காவிட்டால் விலகி நின்று 101 அல்லது 112ஐ அழையுங்கள்.

ஆர்.சி. புத்தகத்தில் என்ஜின் எண்ணை மாற்றவில்லை. கசிவுக்கும் அதற்கும் என்ன தொடர்பு?

கசிவுக்கு இல்லை, இழப்பீட்டுக்கு உண்டு. மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. ஆகவே என்ஜினை மாற்றுவதற்கு முன்பே வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டும். வேறு வகை என்ஜினுக்கு அனுமதி எளிதில் கிடைக்காது என்பதையும் தெரிந்துகொண்டு இறங்குங்கள். வண்டி எரிந்த பிறகு வரும் சர்வேயர் முதலில் பார்ப்பவற்றில் என்ஜின் எண்ணும் ஒன்று. அது ஆர்.சி.யோடு பொருந்தாவிட்டால் இன்சூரன்ஸ் நிறுவனம் கோரிக்கையை மறுக்கக்கூடும். ஹோஸ், கிளிப், ஃபில்டர் வாங்கிய ரசீதுகளையும், பட்டறையின் பில்லையும் அனுமதிக் கடிதத்தோடு ஒரே கோப்பில் வைத்திருங்கள்.